தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கிளம்பு

நோணாங்குப்பத்தில் சனி, ஞாயிறு என்றால் வெளியூர்க்காரர்களின் நாள். கடலூர் சாலையில் புதுச்சேரியிலிருந்து எட்டு கிலோமீட்டர் வந்தால் சுண்ணாம்பாற்றுப் பாலம். அதை ஒட்டியே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாம். காலை பத்து மணிக்கெல்லாம் சென்னை வண்டிகளும் பெங்களூர் வண்டிகளும் சாலையோரம் வரிசை கட்டிவிடும். படகேறி, அலையாத்திச் செடிகள் ஓரமாக முகத்துவாரம் வரை போய், பாரடைஸ் பீச்சில் இறங்கிக் குளித்துவிட்டு, உடம்பெல்லாம் மணலோடு சாயங்காலம் திரும்புவார்கள். அவர்களில் நிறையப் பேர் மாணவர்கள். காலாப்பட்டு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், ஜிப்மர் பிள்ளைகள், பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு ஆராய்ச்சிக்கென்று வந்து தங்கியிருக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள்.

சின்ன வயதிலிருந்து அவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. பெரும்பாலோர் ஒரு முறை வருவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். சிலர் மட்டும் கேள்வி கேட்பார்கள். கோடையில் முகத்துவாரம் ஏன் மணல் மேடிட்டுக் குறுகுகிறது, படகு ஏன் அந்த இடத்தில் மட்டும் வளைந்து போகிறது, எந்த மாதம் எந்த மீன் ஏறும் என்றெல்லாம். கேட்டவர்கள் திரும்பவும் வருவார்கள். மூன்றாவது தடவை வரும்போது பாலத்தடி டீக்கடைக்காரருக்கு அவர்களைத் தெரிந்திருக்கும். பிரான்சுக்குப் படிக்கப் போகிறேன் என்று முடிவானபோது, அங்கே நானும் இந்த இரண்டாவது வகையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

புதுச்சேரிக்காரன் பிரான்சுக்குப் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்றைக்கும் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு விமானம் ஏறுகிறார்கள். சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டுப் பிள்ளை என்றால் பாரிசை ஒட்டிய சார்செலிலோ கார்ழிலோ ஒரு அத்தை வீடு இருக்கும். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு, சுஃப்ரென் வீதி அலியான்ஸ் பிரான்சேஸில் படித்துத் தேறிய பிரெஞ்சு, கேம்பஸ் பிரான்சு நேர்காணல், மாணவர் விசா. சூழலியல் முதுகலைக்கு ரென் நகரத்தில் இடம் கிடைத்தது. பிரான்சின் மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிரெத்தாஞ் வட்டாரத்தின் தலைநகரம் அது.

முதல் மாதம் முழுக்கக் காகிதம். விசாவை வந்திறங்கி மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிவுசெய்தாக வேண்டும். விடுதி அறை ஒன்பது சதுர மீட்டர்தான் என்றாலும் அதற்குத் தனியாக ஒரு வீட்டுக் காப்பீடு எடுக்காமல் சாவி தரமாட்டார்கள். வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று கேட்பார்கள், அறைக்கு வங்கிக் கணக்கு கேட்பார்கள். மருத்துவக் காப்பீட்டு எண் வாங்கப் பிறப்புச் சான்றிதழும், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த அதன் பிரெஞ்சு வடிவமும் வேண்டும். இதை ஊரிலேயே முடித்துக்கொண்டு போவது உத்தமம். பகுதிநேர வேலைக்கு ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை அனுமதி உண்டு. இவையெல்லாம் எரிச்சலூட்டும், ஆனால் முடியக்கூடியவை. ஒவ்வொன்றாக முடிந்தும்விட்டன.

முடியாதது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் கடைகள் சாத்தினால் திங்கள்தான் பெரும்பாலானவை திறக்கும். விடுதியில் பிரெஞ்சுப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மாலையே அழுக்குத் துணி மூட்டையோடு அப்பா அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். நடைவழியில் மிச்சம் இருப்பது நாங்கள்: செனகல்காரன், வியட்நாம் பெண், மொரோக்கோ அண்ணன் தம்பி இருவர், நான். அக்டோபரில் அங்கே தூறல் பிடித்தால் விடாது. ஊரில் ஞாயிறன்று இருக்கும் கூட்டத்தையும் இரைச்சலையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த அமைதி நெஞ்சை அடைத்தது. வெளிநாட்டுப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள் கதையை ஊரில் கேட்டிருக்கிறேன். பாடம் புரியாமல் வந்தவர்களைவிட இந்த ஞாயிற்றுக்கிழமையைத் தாங்க முடியாமல் வந்தவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சனிக்கிழமையை முதலில் வழிக்குக் கொண்டுவந்தேன். ரென் நகரத்தின் லீஸ் சதுக்கத்தில் 1622இலிருந்து சனிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. பிரான்சின் மிகப் பெரிய சந்தைகளில் அதுவும் ஒன்று. மீன் வரிசைக்குப் போய் நின்றதும் எனக்கு உயிர் வந்தது. கானாங்கெளுத்தி இருக்கிறது, மத்தி இருக்கிறது, திருக்கை இருக்கிறது, கடம்பா இருக்கிறது. வஞ்சரமும் சங்கராவும்தான் இல்லை. கானாங்கெளுத்தியே அங்கே மலிவு. மீன்காரம்மா பனிக்கட்டியின் மேல் வால் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி வைத்திருப்பார். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கினேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, "உங்கள் வீட்டில் மீன்பிடிப்பார்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கடைதான் வாடிக்கை.

சந்தையின் இன்னொரு முனையில் தோசை மாதிரி கலெத் சுடுகிறார்கள். பப்பாளி மாதிரி நிறத்தில் இருக்கும் என்று நினைத்துப் போனால் சாம்பல் நிறம். கருங்கோதுமை என்று அங்கே சொல்லப்படும் தானியத்தின் மாவு, தண்ணீர், உப்பு, வேறொன்றும் இல்லை. கைப்பிடி இல்லாத வட்ட இரும்புக் கல்லில் ஒரு கரண்டி ஊற்றி, டி வடிவத்தில் இருக்கும் சின்ன மரக்கட்டையால் மணிக்கட்டை மட்டும் திருப்பி விளிம்பு வரை இழுக்கிறார் அந்த அம்மா. ஓரம் மொரமொரவென்று கிளம்பியதும் திருப்பிப் போட்டு, சுட்ட தொத்திறைச்சி ஒன்றை உள்ளே வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் கையில் கொடுக்கிறார். மதியம் ஒரு மணிக்குச் சந்தை கலையத் தொடங்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால் போனால் கீரையும் தக்காளியும் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது? வகுப்பில் இருந்த இந்தியப் பிள்ளைகள் ஆம்ஸ்டர்டாம், பார்சலோனா, பிராக் என்று மலிவு டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு இரவு பேருந்தில் தூங்கி, பகல் முழுக்க நடந்து, அடுத்த இரவும் பேருந்தில் தூங்கி, திங்கட்கிழமை வகுப்பில் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டே ஆண்டில் பத்து நாடு பார்த்தாக வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிகிறது. கடன் வாங்கிப் படிக்க வந்தவர்களுக்கு மறுபடி எப்போது வாய்க்கும் என்ற கவலையும் நியாயமானதுதான். ஆனாலும் அது எனக்கு நோணாங்குப்பத்தில் படம் எடுத்துக்கொண்டு போனவர்களையே நினைவுபடுத்தியது. ரெனிலிருந்து புறப்படும் வட்டார ரயில்கள் எங்கெல்லாம் போய் முடிகின்றன என்று பார்த்தேன். வடக்கே ஒன்று சேன் மாலோவில் முடிகிறது. மேற்கே ஒன்று லோரியான் வழியாகப் போகிறது. தெற்கே ஒன்று நாந்த் போகிறது. இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வது, ஆனால் திரும்பத் திரும்பப் போவது என்று வைத்துக்கொண்டேன். 26 வயதுக்குள் இருந்தால் வட்டார ரயிலில் சலுகைக் கட்டணம். தூர ரயிலுக்கு 27 வயது வரை இளைஞர் அட்டை உண்டு. 49 யூரோ கட்டினால் ஓராண்டுக்கு முப்பது சதவீதம் தள்ளுபடி. அங்கே படிக்க வருகிறவர்கள் முதல் மாதமே எடுத்துக்கொள்வது நல்லது.

சேன் மாலோ ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மதில் சூழ்ந்த துறைமுக நகரம். 1944 ஆகஸ்டில் குண்டுவீச்சிலும் தீயிலும் பெரும்பகுதி அழிந்து, பழைய சாயலிலேயே மறுபடி கட்டப்பட்டது. மதில்மேல் நடக்க எல்லோரும் போகிறார்கள், நானும் நடந்தேன். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது கடல். காலையில் மதிலின் அடிக்கல்லில் மோதிக்கொண்டிருந்த தண்ணீர் மதியம் அரை கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. எங்கள் கரையில் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டரைத் தாண்டாது. சேன் மாலோவில் பெரிய ஓத நாள்களில் அது 12, 13 மீட்டர். நான்கு மாடி உயரத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வந்து, ஆறு மணி நேரத்தில் போகிறது. ஐரோப்பாவிலேயே ஓதம் மிக அதிகமாக ஏறி இறங்கும் இடங்களில் இந்தக் கரையும் ஒன்று.

அங்கே ஒவ்வொரு கடையிலும் ஓத அட்டவணை கிடைக்கும். உள்ளங்கை அகலச் சிறு புத்தகம். ஒவ்வொரு நாளுக்கும் தண்ணீர் ஏறும் நேரம், வற்றும் நேரம், பக்கத்தில் 20 முதல் 120 வரை ஒரு எண். எண் பெரிதாக இருந்தால் ஓதம் பெரிது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி எண் ஏறும், இடையில் இறங்கும். முதல் தடவை போனபோது மணற்பரப்பைத் தாண்டித் தெரிந்த கிராண் பே தீவுக்கு நடந்துகொண்டிருந்தேன். எழுத்தாளர் ஷத்தோபிரியான் 1848இல் அடக்கமான இடம் அது. வழியில் வலையோடு இறால் தடவிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து, "எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?" என்றார். தண்ணீர் வந்துவிட்டால் தீவில் ஆறு மணி நேரம் இருக்க வேண்டியதுதான் என்றார். பிறகு சட்டைப்பையில் இருந்து அட்டவணையை எடுத்து என் கையில் வைத்து, எப்படிப் படிப்பது என்று வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தார். பிரான்சில் எனக்கு நடந்த பாடங்களிலேயே மிக நன்றாக நடந்த பாடம் அது என்பேன்.

இரவு அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் நாற்பது ஆண்டாக ஆற்றில் படகு ஓட்டுகிறவர். கோட்டையைப் பற்றியோ தீவைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"தண்ணி அவ்ளோ தூரம் போயிட்டா படகை எங்கப்பா கட்டுவாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அதற்காகவே போனேன். உள் துறைமுகத்துக்கு வாசலில் பெரிய மதகுக் கதவு இருக்கிறது. ஓதம் ஏறியிருக்கும்போது திறந்து கப்பலை விட்டுவிட்டு, வற்றுவதற்குள் மூடித் தண்ணீரை உள்ளேயே தேக்கிவிடுகிறார்கள். சாப்லோன் படகுத்துறையில் வாய்க்குக் குறுக்கே தண்ணீருக்கடியில் ஒரு குட்டைச் சுவர் இருக்கிறது. கடல் வற்றினாலும் சுவர் உயரத்துக்கு உள்ளே தண்ணீர் நிற்கும். இது எதுவும் இல்லாத பக்கத்து ஊர் கான்கால் கரையில் படகுகளைச் சேற்றிலேயே உட்கார விட்டுவிடுகிறார்கள். சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் முட்டுக்கால் கொடுத்திருக்கிறது. அந்த முட்டுக்கால் எப்படி மாட்டியிருக்கிறது என்று கிட்டப் போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். அப்பா அதைப் படகு குழாமில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். அதன் பிறகு வாரம் ஒரு கேள்வி வரத் தொடங்கியது. சிப்பியை எப்படி வளர்க்கிறார்கள், வலைக் கண்ணி என்ன அளவு, டீசல் என்ன விலை, மானியம் உண்டா. அந்தக் கேள்விகள்தான் என் ஞாயிற்றுக்கிழமைகளை நடத்தின. கான்காலில் சிப்பி விற்கும் அம்மாவோடும் வலை பின்னுகிறவர்களோடும் பேச எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. வகுப்பறையில் தயங்கித் தயங்கி வந்த பிரெஞ்சு அந்தக் கரையில்தான் சரளமாயிற்று.

சேன் மாலோவுக்குப் பக்கத்திலேயே ரான்ஸ் ஆறு கடலில் கலக்கிறது. அதன் வாயில் 750 மீட்டர் நீளத்துக்கு ஓத மின்நிலையம். 1966இல் பிரெஞ்சு அதிபர் தெ கோல் திறந்து வைத்தது. 24 சுழலிகள், 240 மெகாவாட். 2011இல் தென்கொரியாவில் சிஹ்வா வரும் வரை உலகிலேயே பெரிய ஓத மின்நிலையம் இதுதான். மேலே சாலை போகிறது, பாலம் என்று நினைத்துக்கொண்டே கடந்துவிடலாம். கட்டுமானத்தின்போது ஆற்றின் வாயை மூன்றாண்டு போல முழுக்க அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே உப்பு குறைந்து, கடல் உயிர்கள் செத்து, மறுபடி தலையெடுக்கப் பத்தாண்டு ஆனது. வண்டல் படிவது இன்றும் தீராத தலைவலி. முகத்துவாரம் அடைபட்டால் ஆறு என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று வாயில் துறைமுகத் தடுப்புச்சுவர் கட்டிய பிறகு வடக்கே மணல் போகாமல் நின்று, புதுச்சேரிக் கடற்கரை கல்மேடாகிப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். என் ஆய்வுக் கட்டுரைக்கு ரான்ஸ் ஆற்று வண்டலையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

சேன் மாலோவில் எனக்கு வேறொரு கணக்கும் இருந்தது. மதில்மேல் சுர்கூஃபின் சிலை, கடலை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. 1800இல் வங்கக் கடலில் கென்ட் என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தவர். அடிமை வணிகமும் செய்தவர். புதுச்சேரி வெள்ளைக்காரப் பகுதியில் அவர் பெயரில் வீதி இருக்கிறது. 1746இல் சென்னையைப் பிடித்த மாஹே தெ லாபூர்தொனே 1699இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். அவர் பெயரிலும் நம் ஊரில் வீதி உண்டு. புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளெக்சோடு அவர் போட்ட சண்டையை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் படித்தவர்களுக்கு அந்தத் தெருக்களில் நடக்கும்போது ஒரு கிறுகிறுப்பு வரும்.

ஆனால் நான் தேடியது சிலை இல்லாத ஒருவரை. ஆனந்தரங்கப் பிள்ளையின் தந்தை திருவேங்கடம் பிள்ளைக்கு மைத்துனர் நைனியப்ப பிள்ளை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் துபாஷ் (மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகரும்). 1716இல் ஆளுநர் எபேர் அவரைச் சிறையில் போட்டு, சந்தையில் வைத்துச் சவுக்கால் அடித்து, சொத்தைப் பறித்தார். அடுத்த ஆண்டே நைனியப்பர் சிறையில் இறந்துபோனார். அந்த நாள்களில் கம்பெனியின் வாணிப உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்கள் சேன் மாலோ வணிகர்கள். நைனியப்பருக்காகப் பிரான்சில் வாதாடியவர்களுள் அவர்களும் இருந்தார்கள். லாபத்துக்காகத்தான் செய்தார்கள் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். வழக்கு கடைசியில் நைனியப்பர் பக்கமே தீர்ந்தது. அதற்காகக் கப்பலேறிப் பிரான்சுக்கு வந்தவர் அவர் மகன் குருவப்ப பிள்ளை. 1721இல் பாரிசில் ஞானஸ்நானம் பெற்று, சேன் மிஷெல் விருதுப் பட்டத்தோடு ஊர் திரும்பி, தலைமைத் துபாஷ் ஆகி, 1724இல் காலமானார்.

முந்நூறு ஆண்டுக்கு முன்னால் மாதக்கணக்கில் கடலில் கிடந்து, மொழியும் குளிரும் புதிதான ஊரில், செத்துப்போன அப்பாவுக்கு நியாயம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய ஒரு புதுச்சேரித் தமிழர். விடுதி அறைக்கான காகிதங்களோடு வரிசையில் நின்ற நாள்களில் எனக்கு அவர் நினைவு அடிக்கடி வந்தது. அவருக்கு எத்தனை கையெழுத்து வேண்டியிருந்திருக்கும்! சேன் மாலோவின் பழைய கப்பல் வணிகர் வீடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இந்தக் கதவுகளுக்குள் எங்கோ நைனியப்பர் பெயர் உரக்கப் பேசப்பட்டிருக்கும் என்ற எண்ணமே அந்த ஊரை எனக்கு அந்நியம் இல்லாமல் ஆக்கியது.

லோரியான் அப்படி இழுக்காது. 1943 தொடக்கத்தில் நேசநாட்டு விமானங்கள் ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டன. இப்போது இருப்பது நேர்க்கோட்டுத் தெருக்களும் சிமெண்டுக் கட்டடங்களும்தான். அழகு பார்க்கப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் புதுச்சேரிக்காரன் போகாமல் இருக்கக் கூடாத ஊர். 1664இல் பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்ட 1666இல் கொடுக்கப்பட்ட நிலத்தில்தான் இந்த ஊரே முளைத்தது. கம்பெனியின் பிரான்சுவா மர்தேன் புதுச்சேரியில் காலூன்றியது 1674இல். இரண்டு ஊரும் ஒரே தொழிலுக்காக ஒரே காலத்தில் உருவானவை. 1734இலிருந்து கம்பெனிச் சரக்கெல்லாம் லோரியானில்தான் ஏலம் போனது. துறைமுகக் கரைக்கு இன்றும் இந்தியக் கரை என்றே பெயர்.

கம்பெனி அருங்காட்சியகம் எதிர்க்கரையில், போர் லூயி கோட்டைக்குள் இருக்கிறது. நகரப் பேருந்து போலவே ஓடும் படகில் போகலாம். அந்தப் படகில் ஒரு பாட்டி என் பக்கத்தில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து என்று கேட்டார். பொந்திஷேரி என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளியில் மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்தார்: பொந்திஷேரி, ஷாந்தெர்நகோர், காரிக்கால், மாஹே, யனாவோன். பிரெஞ்சு இந்தியாவின் ஐந்து ஊர்கள். அவர் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோரும் அதைப் பாடம் செய்தவர்கள். சந்திரநாகூர் வங்காளத்தோடு போய்விட்டது, மற்ற நான்கும் இன்னும் ஒரே ஆட்சிப்பகுதியாக இருக்கின்றன என்றேன். "காரிக்கால் இப்போதும் உங்களோடுதானா?" என்று அவ்வளவு அக்கறையோடு கேட்டார். நான் பொந்திஷேரி நகரம் இல்லை, தெற்கே ஆற்றங்கரை ஊர் என்று சொல்லி, பெயரைச் சொன்னேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். இறங்குகிற நேரத்தில் "நோணாங்குப்பம்" சரியாகவே வந்துவிட்டது.

அருங்காட்சியகத்துக்கு என்னோடு வந்தவன் விடுதியில் அடுத்த அறையில் இருந்த செனகல் நண்பன். அவன் ஊர் சேன் லூயி, செனகல் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. ஆறு, மணல் மேடு, படகு என்று நாங்கள் பேசத் தொடங்கினால் நிற்காது. கப்பல் மாதிரிகளை நான் மெதுவாகப் பார்த்தேன். எத்தனை பாய், எந்தப் பாய் எந்தக் காற்றுக்கு என்று அப்பா கேட்பார் என்று தெரியும். சீனப் பீங்கான் அறையை விரைவாகக் கடந்தோம். துணி அறையில் இருவரும் நின்றுவிட்டோம். சோழமண்டலக் கரையில் நெய்து, சாயம் ஏற்றி, பூ எழுதி அனுப்பிய பருத்தித் துணிகள், இருநூறு முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் சிவப்பு மங்காமல் இருக்கின்றன.

புதுச்சேரியில் நீலம் ஏற்றிய துணிக்கு அந்தக் காலத்தில் "கினே" என்று பெயர். ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்க அது கைமாறியது. அடிமை வணிகம் நின்ற பிறகு, 19ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசின் வாங்க அதே துணிதான் காசு போல ஓடியது. நண்பனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. அவன் பாட்டி வழிக் கதைகளில் நீலத் துணி முழமாக அளந்து சீராகக் கொடுக்கப்படுமாம். எங்கள் பக்கத்துச் சாயக்காரர்கள் கையில் நீலம் ஏறியது எதற்கு, அது போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை நான் அன்றைக்குத்தான் முழுதாக யோசித்தேன். புதுச்சேரியிலிருந்தும் மனிதர்கள் விற்கப்பட்டார்கள். ஏமாற்றிக் கடத்தி அடிமையாகக் கப்பலேற்றிய கும்பலைப் பற்றி 1743ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியிருக்கிறார். அதை அவனுக்குச் சொன்னேன். அவன் வெகுநேரம் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நெய்தவனுக்கு என்ன கூலி கொடுத்திருப்பார்கள் என்று கேட்டான்.

பாரிசுக்குப் போகவில்லையா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். போனேன். ரெனிலிருந்து வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். லா ஷப்பெல்லில் ஈழத்துக் கடைகளில் பொன்னி அரிசியும் கறிவேப்பிலையும் வாங்கி, மாணிக்க விநாயகர் கோயிலில் கும்பிட்டு, வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அது தேவையாக இருந்தது. கடைக்கார அண்ணை, "தம்பி, புதுச்சேரியோ?" என்று கேட்டுக் கூடுதலாக ஒரு கட்டு முருங்கைக்கீரை போட்டார். ஆனால் அங்கே நான் வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்ததே தவிர, பிரான்சில் ஒரு இடத்தில் ஊன்றிக்கொண்ட உணர்வு கான்கால் சேற்றிலும் போர் லூயி படகிலும்தான் வந்தது.

லோரியானிலிருந்து திரும்பும்போது நண்பன் ரயில் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது பாதை மிச்சம் இருந்தது. நாந்த். லோரியானுக்கு முன்னால் கம்பெனி ஏலம் நடந்த ஊர். பிரான்சின் அடிமைக் கப்பல்களில் மிக அதிகமானவை புறப்பட்ட ஊரும் அதுவே. லுவார் ஆற்றங்கரையில், அந்தக் கப்பல்கள் கட்டிக்கிடந்த அதே கரையில், அடிமை ஒழிப்பு நினைவிடம் ஒன்றை 2012இல் திறந்திருக்கிறார்கள். ஆற்றோரத்து நடைபாதையில் கப்பல் பெயர்களைக் கண்ணாடிச் சில்லுகளில் எழுதிப் பதித்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. அந்தப் பெயர்களை எல்லாம் வாசிக்க வேண்டும் என்றான் அவன். நேரம் ஆகும் என்றேன். காலை முதல் ரயிலுக்கு இரண்டு டிக்கெட் போட்டோம்.